தேக்கை எண்ணியவர்

காட்டைக் காப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு அரசுகள் நெடுங்காலமாக ஒரே விடையையே கூறி வந்துள்ளன. எல்லை இடுக, காவலரை நிறுத்துக, உட்புகுவோரைத் தண்டிக்க என்பதே அவ்விடை. காட்டின் ஓரத்திற் குடியிருப்போர் கூறும் விடை வேறு. விறகும் தேனும் மூங்கிலும், மாட்டுக்குப் புல்லும் வேளாண்மைக்குத் தழையும் அங்கிருந்தே வருகின்றன. எம்மையன்றி அதனைக் காக்கத்தக்கார் யாவர் என்பது அவர்தம் கேள்வி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, அரசின் ஊதியம் பெற்றுக்கொண்டே ஊராரின் உரிமைக்காகவும் வாதாடிய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் ஜேர்மனியிற் பிறந்த தாவரநூற் புலவர். பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். காட்டியல் கற்போர் யாவரும் அறிந்த இப்பெயர் தமிழ் வாசகரிடையே பெரிதும் வழங்கவில்லை. ஆயினும் சேர்வராயன் மலையின் தெய்வச் சோலைகளை நூலிற் பதிந்து வைத்தவரும், சென்னை மாகாணக் காடுகளுக்கு ஒழுங்கு வகுக்க அழைக்கப்பட்டவரும், எமது உலர்வலயத்துச் சேனைப்புலங்களில் தேக்கு நாட்டப்பட்டமைக்கு மூலமான முறையைத் தொடக்கி வைத்தவரும் அவரே ஆதலின், அவர் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர்.

பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள், றைன் நதிக்கரையிலுள்ள பொன் என்னும் நகரிற் பிறந்தார். (நம் செவிக்கு எத்துணை இனிய ஊர்ப்பெயர்!) தந்தையார் கிறித்தியன் ஆகுஸ்து பிராண்டிஸ் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியர், கிரேக்கத் தத்துவ நூல்களில் ஆழ்ந்த புலமையுடையவர். துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற கிரேக்க நாட்டுக்குப் பவேரிய நாட்டு இளவரசர் ஓத்தோ மன்னராயிருந்த காலம் அது. அம்மன்னர் பேராசிரியரை ஆலோசகராக அழைக்க, குடும்பம் சில ஆண்டு ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தது. சிறுவனாகிய டீட்ரிச் செடிகொடிகளிற் பற்றுக்கொண்டது அங்கேதான் என்பர். பின்னர் கோப்பன்கேகன், கெத்திங்கன், பொன் ஆகிய இடங்களிற் கற்றுத் தேர்ந்து, 1849ஆம் ஆண்டில் தாம் பிறந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே தாவரநூல் கற்பிக்கும் விரிவுரையாளரானார்.

அவர் அப்படியே இருந்து பேராசிரியராகி ஓய்வு பெற்றிருக்கலாம். திருமணம் அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. 1854இல் அவர் மணந்த இறாச்சேல் அம்மையார், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள செராம்பூரில் கேரி பாதிரியாருடன் கூடி அச்சுக்கூடம் நிறுவிய யோசுவா மார்ஷ்மன் பாதிரியாரின் மகள். தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் 1845 வரையில் தேனியருக்குரிய குடியேற்றமாயிருந்தது. அங்கு மருத்துவராயிருந்து கல்கத்தாச் சூழலின் தாவரங்களைப் பற்றி நூல் செய்த ஃபொய்க்ட் என்பவரே அம்மையாரின் முதற் கணவர். அவர் இறந்தபின் அம்மையார் ஐரோப்பாவில் வாழ்ந்து வந்தார். அம்மையாரின் சகோதரியை மணந்தவர் ஹவெலொக் என்னும் படைத்தலைவர். இவ்வுறவின் வழியாகவே பிராண்டிஸின் பெயர், அன்று இந்தியாவின் மகாதேசாதிபதியாயிருந்த டல்ஹவுசிப் பிரபுவின் செவிக்கு எட்டியது. பெருங்காரியங்கள் பல இவ்வாறு சம்பந்திமார் வழியாகத் தொடங்குவதை நம்மூரிலும் காண்கின்றோம்.

டல்ஹவுசிக்கு அப்பொழுது தேக்கைப் பற்றிய கவலை மிகுந்திருந்தது. கப்பல் கட்டுதற்கு இங்கிலாந்தின் ஓக்கு மரம் போதாதாயிற்று. தேக்கோ நீரிலும் வெயிலிலும் பிளவாது. தன்னகத்துள்ள எண்ணெயினாற் கறையானை அண்டவிடாது. ஆணி முதலிய இரும்பையும் அரிக்காது. 1826இல் பிரித்தானியர் கைப்பற்றிய தெனாசெரிம் பகுதியின் தேக்கங்காடுகளை மௌல்மீன் நகரத்து மரவணிகர் சில பத்தாண்டுகளிலேயே வெட்டித் தீர்த்துவிட்டனர். 1852ஆம் ஆண்டுப் போரினாற் கிடைத்த பெகு நாட்டுக் காடுகளும் அவ்வாறே அழியுமென அங்கு மேற்பார்வையாளராயிருந்த மக்கிளெலந்து என்னும் மருத்துவர் 1854இல் அறிக்கை விடுத்தார். அதன்மேல் டல்ஹவுசி 1855இற் கட்டளையொன்று பிறப்பித்து, காட்டுத் தேக்கு அரசுக்கு உரியதென அறிவித்தார். அக்கட்டளையை நிறைவேற்றத் தக்க ஆளாகத் தெரிவு செய்யப்பட்டவரே பிராண்டிஸ். 1856ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பர்மாவை அடைந்த அவருக்கு அகவை முப்பத்திரண்டு நிறையவில்லை. காட்டியலை அவர் எந்தக் கலாசாலையிலும் பயின்றவரல்லர். வெப்பநாட்டுக் காட்டையும் அதற்கு முன் கண்டவரல்லர்.

காட்டில் எத்தனை தேக்கு நிற்கின்றதென எவரும் அறியார். அறியாமல் ஆண்டொன்றுக்கு எத்தனை வெட்டலாமென விதிப்பது எங்ஙனம்? பெகு யோமா மலைத்தொடரோ நூற்றுக்கணக்கான மைல் நீளமுடையது. தேக்கு தனிக்காடாய் நில்லாமல் மூங்கிலினூடேயும் ஏனைய மரங்களினூடேயும் ஒன்றிங்கும் ஒன்றங்குமாக நிற்பது. இருந்த ஆட்களைக் கொண்டு முற்றும் எண்ணுதல் ஆகாத காரியம். ஆகவே பிராண்டிஸ் மலைமுகடுகள் வழியேயும் ஓடைகள் வழியேயும் யானைமீது அமர்ந்து சென்று, பாதையின் இருமருங்கும் குறித்த தூரத்துக்குட் கண்ணிற்படும் தேக்குகளை மட்டும் எண்ணினார். எண்ணிய முறை கேட்கத் தக்கது. ஓயாத மழையிற் கடதாசியும் மையும் உதவா. இடக்கையில் நான்கு மூங்கிற் கீற்றுகளைப் பிடித்துக்கொள்வார். பருமனால் நால்வகைப்படுத்திய மரங்களுக்கு வகைக்கொரு கீற்று. ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் உள்ளவை முதல் வகை. ஏனையவை படிப்படியாகச் சிறியவை. வலக்கையிலுள்ள சிறு கத்தியால் ஒரு மரத்துக்கு ஒரு வெட்டு, உரிய கீற்றில். மாலையிற் கூடாரமடைந்தபின் வெட்டுக்களை எண்ணி ஏட்டிற் பதிவார். பால் அளந்த கணக்கைச் சுவரிற் கரிக்கோடிட்டு வைக்கும் நம் தாய்மாரின் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஐரோப்பியக் காட்டியலார் பிற்காலத்தில் வியந்து பேசிய கணக்கெடுப்பு இவ்வாறு மூங்கிற் கீற்றிலேதான் பிறந்தது.

எண்ணிக்கையோடு வளர்ச்சியையும் அவர் ஆராய்ந்தார். இரண்டாம் வகை மரம் முதல் வகையாக வளர்வதற்குச் சராசரி 24 ஆண்டு செல்லுமெனக் கணித்தார். ஆகவே முதல்வகை மரங்களில் இருபத்துநான்கில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் வெட்டினால், இருபத்துநான்கு ஆண்டு கழியும்பொழுது வெட்டிய அத்தனைக்கும் ஈடாக இளமரங்கள் வளர்ந்து நிற்கும். விதைநெல்லைக் குற்றி உண்ணாத உழவனின் அறிவே இது. வெட்டத் தக்க மரத்தின் பட்டையையும் அதனுள்ளிருக்கும் வெளிறையும் வட்டமாக அரிந்து, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டு, பின்னர் வீழ்த்தி, யானையால் ஓடைக்கு இழுப்பிப்பர்; பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. மழைவெள்ளம் வரும்பொழுது அது மிதந்து இரங்கூனை நோக்கிச் செல்லும். எம்மரத்துக்கு வளையம் இடுவது என்பதை அரசின் காட்டுத் துறையாரே தீர்மானித்தல் வேண்டுமென்று பிராண்டிஸ் விதித்தார். இதனால் மரவணிகர் அவர்மீது கடும்பகை கொண்டனர். வணிகரின் முறையீடு கல்கத்தா வரை சென்று, 1860ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் காடுகளின் ஒரு பகுதி அவர்கட்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் அவர் இட்ட கணக்கு நிலைத்தது.

வணிகரினும் அவரைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தவர்கள் கரேனிய மக்களே. இம்மக்கள் மலைச்சரிவில் மூங்கிற் காட்டை வெட்டி, வேனிலில் எரித்து, முதன்மழையில் நெல்லும் பருத்தியும் மிளகாயும் விதைத்து, ஓரிரு ஆண்டின் பின் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வர். பர்மிய மொழியில் இதற்குத் தவுங்யா என்று பெயர். தவுங் என்பது மலை, யா என்பது புலம். நாம் சேனை என்று வழங்குவதும் இதுவே. தேக்கின் பகைவர் இம்மக்களே என்பது உத்தியோகத்தர் பலரின் துணிபு. காட்டை எரித்தாரென வழக்குத் தொடுப்பதும் தண்டம் விதிப்பதுமாயிருந்தனர். தண்டத்தினால் ஒரு தேக்காவது பிழைத்ததாகத் தெரியவில்லை. மலையில் வாழ்பவனுக்கு வேறு சோறில்லை. எரிக்காமல் எவ்வாறு விதைப்பான்?

பிராண்டிஸ் இதனைத் தலைகீழாக நோக்கினார். சேனைக்காரன் வெட்டி எரித்துத் துப்புரவாக்கிய நிலம், தேக்குக் கன்றுக்கு ஏற்ற நிலமன்றோ? ஒளியை விரும்பும் தேக்கு மூங்கில் நிழலில் வளராது. களை மூடினால் மடியும். நெல்லுக்குக் களை எடுப்பவன் இடையிலுள்ள தேக்குக்கும் எடுத்தவனாவான். வித்தையோ கன்றையோ அரசு கொடுக்க, அவன் பயிரின் இடையே வரிசையாக நாட்டுக. அறுவடை முழுவதும் அவனுக்கே. சில ஆண்டின் பின் உயிரோடு நிற்கும் கன்றுகளின் தொகைக்கு ஏற்ப அவனுக்குப் பணமும் கொடுக்க. பர்மாவுக்கு வந்த 1856ஆம் ஆண்டிலேயே, மக்கள் இசைந்தால் தேக்கு வளர்க்க இதுவே சிறந்த வழியென அவர் எழுதிவிட்டார். மக்கள் எளிதில் இசையவில்லை. தேக்கு நாட்டிய நிலம் என்றென்றைக்கும் அரசுக்கே போய்விடும் என்பது அவர்களின் அச்சம், அவ்வச்சம் பொய்யன்று. பத்தாண்டுக்கு மேலான பேச்சுக்களின் பின், 1860ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே தாராவதிப் பகுதிக் கரேனியர் சிலர் முதன்முதல் உடன்பட்டனர். அரசு ஒதுக்கிய காட்டினுள்ளே சேனை செய்வதற்கென்று அவர்கட்கு இடம் வரையறுத்து விடப்பட்டது. சென்றாண்டு எதிரிக்கூண்டில் நின்றவன் இவ்வாண்டு தேக்கின் செவிலியானான். பர்மாவிலிருந்து இம்முறை வங்காளம், சிற்றகொங் முதலிய இடங்களுக்கும், பின்னர் ஆபிரிக்காவுக்கும் பரவிற்று.

இது சமமானவர் இருவர் செய்த உடன்பாடு என்று கூறினால் வாசகரை ஏமாற்றியவர்களாவோம். தேக்கு முதிர்ந்தபோது அதன் விலை கரேனியனுக்குச் சேரவில்லை. அவன் பெயரன் அந்நிலத்திற்குத் திரும்பிவந்து சேனை வெட்டவும் இயலவில்லை. ஒரு தரப்பின் கையில் துப்பாக்கியும் சட்டமும் இருந்தன. மறுதரப்பின் கையில் மழுவும் பசியும் இருந்தன. ஆயினும் வழக்குமன்றத்தை விட்டு வயலுக்கு வந்து பேசியமை பெருமாற்றம் என்பதை மறுத்தல் தகாது. எமது நாட்டிலும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிறுவ இயலாத சேனை நிலங்களை முடிக்குரியனவாகக் கொண்டது. அதனால் எழுந்த மனக்கசப்பு முதியோர் சொல்லிக் கேட்டதுண்டு. அதே சேனைக்காரரைக் கொண்டே எமது வனபரிபாலனத் திணைக்களத்தார் இருபதாம் நூற்றாண்டில் உலர்வலயத்தில் தேக்கு வளர்த்தனர். மிளகாயும் சோளமும் விதைத்த புலத்தின் ஊடே இவர்கள் நாட்டிய கன்றுகளே, இன்று பாதையோரத்தில் வரிசை பிறழாமல் நின்று பேருந்துப் பயணிகளுக்கு நிழல் தருகின்றன.

1862இல் பிராண்டிஸ் இந்திய அரசுக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்டார். 1864இல் இந்தியக் காட்டுத் திணைக்களம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைமை அதிபதியானார். அப்பணியில் அவரோடு இணைந்து உழைத்தவர், சென்னை மாகாணக் காடுகளை 1856 தொடக்கம் பரிபாலித்த கிளெக்கோர்ன் என்னும் மருத்துவர். இவர் சென்னையிற் பிறந்தவர். இலங்கையின் முதற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த கிளெக்கோர்னின் பெயரர். ஒல்லாந்தரிடமிருந்து இத்தீவு கைமாறிய வரலாற்றைக் கற்றோர் அப்பாட்டனாரின் பெயரை அறிவர்.

இந்தியாவில் இடர் வேறு வடிவில் நின்றது. 1853இல் ஓடத் தொடங்கிய புகைவண்டி, கப்பலினும் பெரும் பசியுடையது. ஒரு மைல் இருப்புப்பாதைக்கு ஏறத்தாழ 1,760 சிலிப்பர் கட்டைகள் வேண்டும். அவையும் சில ஆண்டில் உக்கிவிடும். இமயத்துத் தேவதாருவும் அடிவாரத்துச் சாலமரமும் கணக்கின்றி வீழ்ந்தன. 1865இல் முதற் காட்டுச் சட்டம் வந்தது. அது போதாதெனக் கண்டு, வேறு சட்டம் ஆக்க அதிகாரிகள் பல்லாண்டு விவாதித்தனர். பிராண்டிஸின் வாழ்வில் ஆழ்ந்து நோக்கத்தக்க பகுதி இவ்விவாதமே.

மூன்று கட்சிகள் எழுந்தன. பேடன் பவல் என்னும் அதிகாரி ஒரு கட்சிக்குத் தலைவர். அரசன் எழுத்தில் வழங்கியதே உரிமை. ஊரார் காலங்காலமாக விறகு எடுத்ததும் மாடு மேய்த்ததும் அரசன் கண்டும் காணாதிருந்த சலுகை மட்டுமே. சலுகையை எப்பொழுதும் திரும்பப் பெறலாம் என்பது அவர் கொள்கை. நேர்மாறானது சென்னை மாகாண வருவாய்ச் சபையின் கட்சி. தங்கள் மாகாணத்தில் ஊராரின் அனுபோகம் இல்லாத காடே இல்லை. பட்டயம் இல்லையென்பதற்காக அவ்வுரிமையை இல்லையென்பது அநீதி என்று அவர்கள் வாதித்தனர். கொம்பனி ஆட்சியின் வாரிசுகளான ஆங்கில அதிகாரிகளே தமிழ்நாட்டு உழவனின் விறகுக்காகவும் தழைக்காகவும் இத்துணை உறுதியாக எழுதினர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பிராண்டிஸ் நடுவில் நின்றார். ஐரோப்பாவிலும் குடியானவர்க்கு எழுத்தில்லாத காட்டுரிமைகள் உண்டு. நெடுநாள் அனுபோகமே அங்கு உரிமைக்குச் சான்று. இந்திய உழவனுக்கு மட்டும் வேறு நீதி எதற்கு என்று கேட்டார். ஆனால் எல்லாக் காட்டையும் ஊராரிடம் விட்டுவிடவும் அவர் உடன்பட்டாரல்லர். பெருமரக் காடுகள், ஆற்றின் ஊற்றுக்கண்ணாகிய மலைக்காடுகள் ஆகியவற்றை அரசு வைத்துக்கொள்க. அவற்றிலும் ஊராரின் உரிமைகளை விசாரித்துப் பதிந்து நிறைவு செய்க. அதற்கு ஈடாக ஒவ்வோர் ஊருக்கும் அருகே அவ்வூராருக்கே உரிய ஊர்க்காடுகளை வகுத்துக் கொடுக்க. அவற்றை அவர்களே காத்து அவர்களே பயன்கொள்க என்பது அவர் திட்டம். ஊர்க்காடில்லாத அரசக்காடு நிலைபெறாது என்பதை அவர் திரும்பத் திரும்ப எழுதினார். பசித்த அயலவனை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு விளைவைக் காத்தவர் உலகில் இல்லை.

இந்தியர் காட்டைப் பேணத் தெரியாதவர் என்னும் கூற்றை அவர் ஏற்கவில்லை. அதற்குச் சான்று தேடி அவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. தாம் பயணம் செய்த மாகாணங்களிலெல்லாம் தெய்வத்தின் பெயராற் கோடரி படாமல் நின்ற சோலைகளைக் கண்டார். காசிய மலைகளிலும், குடகு நாட்டின் தேவரகாடுகளிலும், இராசபுத்தானத்திலும் கண்டவற்றோடு, பழைய சேலம் மாவட்ட எல்லைக்குள் அடங்கிய ஏலகிரியின் சாமி சோலையையும், சவ்வாது மலையிற் புதூரின் சோலையையும், சேர்வராயன் மலைச் சோலைகளையும் அவர் பெயர் சுட்டி எழுதி வைத்தார். சுற்றுப்புறக் காடெல்லாம் தேய்ந்த பின்னும் இச்சோலைகள் முன்னைய மரவினங்களைக் காத்து நின்றமை அவருக்குப் பெரும்பாடமாயிற்று. காவன்மரம் என்றும் கடிமரம் என்றும் சங்கப் பாடல்களிற் கற்கும் நமக்கு இது புதுமையன்று. ஆனால் அதனைத் திணைக்களத்து ஏட்டில் ஒரு தலைமை அதிகாரி எழுதியது புதுமை.

1878இற் சட்டம் நிறைவேறிற்று. காடுகள் ஒதுக்கக் காடு, காப்புக் காடு, ஊர்க்காடு என மூவகையாயின. ஒதுக்கக் காட்டில், இசைவளித்தவை தவிர எல்லாம் விலக்கு. காப்புக் காட்டில், விலக்கியவை தவிர எல்லாவற்றுக்கும் இசைவு. ஊர்க்காட்டுக்கும் ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. அது பிராண்டிஸுக்குக் கிடைத்த ஆறுதல். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. முதலில் ஒரு காட்டை ஒதுக்கக் காடாக அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்பே அதனை ஊருக்கு வழங்கலாம். தன் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு மீண்டும் பெற்றுக்கொள் என்றால் எந்த உழவன் நம்புவான்? அதிகாரிகளும் அவ்வத்தியாயத்தைத் திறந்து பார்க்கவில்லை. ஊர்க்காடு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. ஒதுக்கக் காடு ஆண்டுதோறும் விரிந்தது.

இதில் பிராண்டிஸின் பொறுப்பு யாது? அச்சட்டத்தை வகுத்தவருள் அவரும் ஒருவர். அத்திணைக்களத்தின் தலைவர் அவரே. ஊராருக்காக எழுதிய கைதான் ஊராரைப் புறத்தே நிறுத்திய சட்டத்துக்கும் உழைத்தது. திணைக்களத்தை நிலைநிறுத்தினால் ஊர்க்காடு பின்னர் தானே வந்துசேருமென அவர் எண்ணினார் போலும். பேடன் பவலின் கொள்கை வென்றது என்பது மெய்யே. ஆனால் அது வென்ற களத்தை அமைத்துக் கொடுத்தவர் பிராண்டிஸ் என்பதும் மெய்யே. அவரைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்து செல்வதை எம்மால் ஏற்க இயலவில்லை.

1881 தொடக்கம் 1883 வரை அவர் சென்னை மாகாணத்திற் பணியாற்றினார். அதுவரை தனிச்சட்டம் வேண்டாவென மறுத்து நின்ற அம்மாகாணத்தில் 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் வந்தது அவர் காலத்திலேயே. மாவட்டந்தோறும் சுற்றி அவர் எழுதிய ஆலோசனைகள் 1883இல் நூலாக வெளிவந்தன. பெருமரங்களைப் போலவே விறகையும் மாட்டுத் தீனியையும் காட்டுத் திணைக்களம் கவனிக்க வேண்டுமென்பது அவர் கருத்து. அக்காலத்தில் நம் தீவிலும் அதே காற்று வீசிற்று. சென்னை மாகாணக் காட்டுத் துறையைச் சேர்ந்த வின்சென்ட் என்பவர் 1882இல் இலங்கைக் காடுகளை ஆராய்ந்து அறிக்கை விடுத்தார்; 1885இல் எமது காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது.

பிராண்டிஸ் கேட்டுக் கிடைக்காத ஊர்க்காடு, கிளர்ச்சியின் வழியாகப் பின்னர் வந்தது. இமயச் சாரலிலுள்ள குமாவூன் மலைநாட்டில், ஒதுக்கப்பட்ட காடுகள் 1921இல் மக்களின் சினத்தால் எரிந்தன. அதன் பயனாக 1931இல் ஊர்ப்பஞ்சாயத்தே காட்டை ஆளும் விதிகள் பிறந்தன. அப்பஞ்சாயத்துகள் இன்றும் உள்ளன. சென்னை மாகாணத்திலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காட்டுப் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டன. வங்காளத்து மிதுனபுரி மாவட்டத்தில் அராபாரி என்னுமிடத்திலே 1970ஆம் ஆண்டுகளிற் காட்டு அதிகாரியொருவர் ஊராரோடு கூடி, தேய்ந்த சாலமரக் காட்டைத் தழைக்க வைத்து, விளைவிற் பங்கும் கொடுக்கச் செய்தார். அவ்வெற்றியைக் கண்ட பின்பே 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய அரசு, ஊராரும் திணைக்களமும் கூட்டாகக் காடு பேணும் முறையை நாடெங்கும் பரப்பச் சுற்றறிக்கை விடுத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில்லா அனுபோகத்தையும் உரிமையென ஏற்றது. பிராண்டிஸ் வாதாடிய நாளுக்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்திருந்தது.

அவரது ஏனைய பணிகளை விரிக்கின் பெருகும். ஷ்லிச், ரிப்பென்ட்ரொப் ஆகிய ஜேர்மானியரை இந்தியாவுக்கு வருவித்தார். இவ்விருவருமே அவருக்குப் பின் ஒருவர்பின் ஒருவராகத் தலைமை அதிபதிகளாயினர். 1878இல் டேராடூனிற் காட்டியற் பாடசாலை நிறுவப்பட்டது; இந்திய இளைஞரும் இத்தொழிலைக் கற்று உயர வேண்டுமென்பது அவர் விருப்பம். வடமேற்கு இந்தியாவினதும் மத்திய இந்தியாவினதும் காட்டுத் தாவரங்களைப் பற்றி ஸ்டுவர்ட் என்பவர் தொடங்கி முடிக்காது இறந்த நூலை, 1874இல் நிறைவு செய்து வெளியிட்டார். முதல் மனைவியார் 1863இற் காலமாக, நான்கு ஆண்டின் பின் கத்தரினா அம்மையாரை மணந்தார்.

1883இல் ஓய்வு பெற்று பொன் நகருக்கு மீண்டார். அவரைத் தேடி 1890 அளவில் அமெரிக்க இளைஞர் ஒருவர் வந்தார். கிஃபோர்ட் பிஞ்சோ என்பது அவர் பெயர். அவர் பிற்காலத்தில் அமெரிக்க அரசின் காட்டுச் சேவைக்கு முதல் தலைவரானவர். முதியவர் அவரைச் சீடராக ஏற்று, எதனைப் படிப்பது, எக்காட்டைப் பார்ப்பது என்று வகுத்துக் கொடுத்தார். அவர் நாடு திரும்பியபின் நெடுங்கடிதங்கள் எழுதிக் கற்பித்தார். மாணாக்கன் நிலம் கடந்து சென்ற பின்னும் கடிதத்தாற் பாடம் நடத்தும் ஆசிரியரை நினைக்கும்பொழுது, ஆசிரியத் தொழிலில் மூத்த எமக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது. இங்கிலாந்திற் காட்டியல் பயின்ற மாணவரை ஜேர்மானியக் காடுகளுக்கு அழைத்துச் சென்று காட்டும் பணியையும் அவர் பல்லாண்டு செய்தார். 1897இல் வெளியிட்ட இந்தியக் காட்டியல் பற்றிய நூலில், மேலே கூறிய தெய்வச் சோலைகளைப் பற்றி எழுதினார். ஊர்க்காட்டு வாதத்தையும் அவர் கைவிடவில்லை.

வாழ்வின் இறுதிக் காலத்தைப் பெரும்பாலும் இலண்டனை அடுத்த கியூ பூங்காவின் உலர்தாவரச் சாலையிற் கழித்தார். இந்தியாவின் மரங்கள், செடிகள், கொடிகள், மூங்கில்கள், பனையினங்கள் யாவற்றையும் ஒரே நூலில் அடக்க முயன்றார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கூறும் ‘இந்திய மரங்கள்’ என்னும் அப்பெருநூல் 1906இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. மறு ஆண்டு, 1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், பிறந்த ஊராகிய பொன் நகரிலேயே காலமானார்.

தாவரநூலார் இறந்தவர் பெயரையும் வாழ்பவர் பெயரையும் செடிகளுக்கு இட்டு வழங்கும் மரபுடையவர். பர்மாவிற் பூக்கும் ஒரு புதர்ச்செடியினத்துக்குப் பிராண்டிசியா என்று பெயர். பர்மியக் காடுகளில் வானளாவி வளரும் பெருமூங்கில் வகையொன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.